திருநின்றவூரில் நான்கு டயர், அப்புறம் ஒன்று

போன வருஷம் ஆடி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பெரியபாளையத்துக்குப் போகும் வழியில், வெங்கலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் எங்கள் காரின் பின்பக்க இடது டயர் வெடித்தது. காரில் நானும் என் மனைவி சரளாவும் மட்டும்தான். அம்மனுக்குப் பொங்கல் வைக்க எடுத்துப்போன பானை அவள் மடியில் இருந்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சாலையோர மண்ணில் நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பானைதான் உடைந்து, அரிசியெல்லாம் சீட்டுக்கு அடியில் போய்விட்டது.

சரளா கீழே இறங்கி, புடவையை உதறிக்கொண்டு, வந்த ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள். ஏறுவதற்கு முன் ஒன்றே ஒன்று சொன்னாள்: "இந்த வண்டியில கீற டயரு ஒண்ணு விடாம மாறணும். அது வரைக்கும் என் காலு உள்ள படாது."

சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு அந்தக் காரில் அவள் ஏறவே இல்லை. இந்த வருஷம் ஆடி நெருங்கியது. போன வருஷம் பாதி வழியில் பிரிந்ததைத் தவிர, பெரியபாளையத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போகாத ஆடி, கல்யாணம் ஆனதிலிருந்து ஒன்றுகூடக் கிடையாது. டயர் கிடைத்தால் எங்கள் காரில் சேர்ந்து போகலாம். கிடைக்காவிட்டால் அவள் பஸ்ஸில், நான் பின்னாலேயே தனியாக. அதனால் ஆனி மாதக் கடைசி சனிக்கிழமை, டயர் தேடி இருவரும் கிளம்பினோம். பழைய வண்டி வைத்துக்கொண்டு மேற்குப் பக்கம் டயர் தேட நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. எனக்குக் காலி டிரம் வியாபாரம். பட்டரவாக்கத்தில் கோடவுன். சைக்கிள் கேரியரில் இரண்டு டிரம் கட்டிக்கொண்டு ஆரம்பித்தவன். இன்று மூன்று லாரி ஓடுகிறது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியை மூடியபோது டிரம்மெல்லாம் மொத்தமாக எடுத்தேன். ஷெட்டின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் இந்தக் கார் இருந்தது. டிரம்மோடு சேர்த்துப் பேசி முடித்துவிட்டேன். 1948-இல் வந்த பெரிய அமெரிக்கக் கார். எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். இந்த மாடல் வைத்திருப்பவர்கள் ஊரில் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். எழுதினால் யார் வண்டி என்று உடனே தெரிந்துவிடும், அப்புறம் ஸ்பேர் சாமான் எனக்கு நல்ல விலையில் கிடைக்காது. அம்பத்தூரில் எங்கள் தெருவில் நிறுத்த இடமில்லாததால், வண்டி முத்தாபுதுப்பேட்டையில் சரளாவின் தம்பி தணிகாசலம் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. டயர் சைஸ் 6.00-16. இந்த எண்தான் முழுக் கதையும்.

காலை ஏழரை மணிக்கு, நண்பரிடம் இரவல் வாங்கிய சின்னக் காரில் அம்பத்தூரிலிருந்து புறப்பட்டோம். சி.டி.எச். ரோட்டில் முதலில் ஒரு பெரிய ஷோரூம். எட்டரைக்குத்தான் திறந்தார்கள். ஏசி, சோபா, காபி மெஷின் எல்லாம் உண்டு. கம்ப்யூட்டரில் இருந்த பெண் சைஸைத் தட்டிப் பார்த்தார்.

"சார், இந்த சைஸு சிஸ்டத்துல வரல. வண்டி மாடல் சொல்லுங்க."

சொன்னேன்.

"அதுவும் வரல சார். அலாய் வீல் மாத்திட்டீங்கன்னா ரேடியல் போட்டுக்கலாம்."

"காரே சிஸ்டத்துல இல்லியாம், டயரு எப்டி இருக்கும்?" என்றாள் சரளா. காபி மட்டும் குடித்துவிட்டு வந்தோம். காபி நன்றாக இருந்தது, இலவசம்.

அங்கிருந்து ஆவடி எட்டு கிலோமீட்டர். சனிக்கிழமையாக இருந்தும் முக்கால் மணி நேரம் பிடித்தது. ஆவடியில் செகண்ட் ஹேண்ட் டயர்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ராணுவ வண்டியிலிருந்து கழித்த டயர் என்று சொல்லி விற்பார்கள். நம்புவது உங்கள் இஷ்டம். பழைய சாமானை வாங்கி விற்றே பிழைக்கிற எனக்கு இந்தத் தெரு தாய் வீடு மாதிரி. இரண்டாவது கடையிலேயே எங்கள் சைஸ் இருந்தது, பாலிஷ் போட்டு எண்ணெய் தேய்த்த தலை மாதிரி பளபளவென்று. பக்கவாட்டில் தேதிக்குறியைத் தேடினேன். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும்: முதல் இரண்டும் எத்தனையாவது வாரம், கடைசி இரண்டும் எந்த வருஷம். இதில் 2009, அதாவது 2009-ஆம் வருஷம் இருபதாவது வாரம்.

"நைனா, இதுக்குப் பதினஞ்சு வயசுக்கு மேல ஆவுது" என்றேன்.

"டயருக்கு இன்னாத்துக்கு நைனா வயசு? பொண்ணா பாக்கற? பட்டன பாரு, புச்சு மாரி கீது."

டயரில் தரையில் படும் மேல்கட்டையைத்தான் பட்டன் என்பார்கள். வெங்கல் பக்கத்தில் வெடித்த டயருக்கும் பட்டன் நிறையவே இருந்தது, ரப்பர்தான் செத்துப்போயிருந்தது. வண்டியோடு வந்த டயரைப் பட்டனை மட்டும் பார்த்து ஓட்டியதற்கு ஒரு பானை அரிசி போயிற்று. கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தோம். ஆவடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பொங்கல், வடை, காபி. இருவருக்கும் நூற்று அறுபது ரூபாய். பொங்கலில் நெய் இருந்தது, சொல்ல வேண்டும்.

அடுத்தது பூந்தமல்லி, பருத்திப்பட்டு வழியாகப் பத்து கிலோமீட்டர். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கென்றே டயர் தருவித்துக் கொடுக்கும் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். போனில் இருந்த வண்டிப் போட்டோவைக் காட்டினேன். அவர் அதை இரண்டு விரலால் பெரிதாக்கி முன்பக்கக் குரோமைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு மறுபடியும் குரோமைப் பார்த்தார்.

"இம்போர்ட்டட் ஒயிட்வால் சார், ஓரமெல்லாம் வெள்ளையா இருக்கும். ஒண்ணு பதினெட்டாயிரம். அஞ்சா எடுத்துக்குங்க."

"நம்மூரு டயரு இல்லியா?"

"இந்த மாதிரி வண்டிக்கு நம்மூரு டயரா சார்?" அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம். "பாவம் சார் வண்டி."

வண்டியைவிட என் மேல்தான் பரிதாபம் வர வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இறங்கினேன். இனி எந்தக் கடையிலும் கார் என்ற பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். எங்கள் தொழிலில் முதல் பாடம் அதுதான்: வாங்கப் போகிற இடத்தில் தேவையைக் காட்டக் கூடாது. எனக்கு நீல டிரம் வேண்டுமென்றால், போய் வெள்ளை டிரம்மைத் தட்டித் தட்டிப் பார்ப்பேன், கிளம்பும்போது, "அந்த நீலம் சும்மாதான கெடக்குது?" என்று கேட்பேன். என் வீட்டின் முதல் மாடி இந்த ஒரு வித்தையில் எழும்பியது. சரளாவிடம் இதைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ம்" என்றாள்.

நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏறினோம். வடக்கே நெமிலிச்சேரி வரை காற்று மாதிரி போகலாம். கொளப்பஞ்சேரியில் சுங்கச்சாவடி உண்டு, பாஸ்டேக்கில் காசு இருக்கட்டும். நெமிலிச்சேரியில் இறங்கி இடது பக்கம் திரும்பினால் திருநின்றவூர். பூந்தமல்லியிலிருந்து மொத்தம் பதினேழு கிலோமீட்டர், அரை மணி நேரம். அன்றைக்குப் பார்த்த சாலைகளில் இதுதான் சுகம். திருநின்றவூர் ஏரியில் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது.

பெரியபாளையம் ரோட்டில் கொஞ்ச தூரத்தில் டிராக்டர் டயர் அடுக்கிய ஒரு கடை. 6.00-16 என்பது டிராக்டரின் முன்சக்கரத்துக்கும் வருகிற சைஸ். அதனால்தான் இந்தப் பக்கம் வந்தேன். கடைக்காரர் பெயர் ஏகாம்பரம். ஐம்பது வயதிருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியை டயர் அடுக்கு மேல் போட்டு உயரமாக உட்கார்ந்திருந்தார். மணி பன்னிரண்டே முக்கால்.

"இன்னா அண்ணாத்தே, இன்னா சைஸு?"

"6.00-16. நாலு வேணும்."

"இன்னாத்துக்கு?"

வித்தையை எடுத்தேன். "மாட்டு வண்டிக்கு. ஆடி வருதுல்ல, பெரியபாளையம் போவணும்."

இந்தப் பக்கத்தில் ஆடி மாதம் குடும்பத்தோடு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு பெரியபாளையம் போகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அதனால் நம்பும்படியான பொய் என்று நினைத்தேன்.

"மாட்டு வண்டிக்கு ரெண்டு தான அண்ணாத்தே? நாலு எதுக்கு?"

"ரெண்டு வண்டி."

"ரெண்டு வண்டியா! பெர்ய ஆளுதான். யாருது?"

"மச்சானுது. முத்தாபுதுப்பேட்டைல."

"மாடு இன்னா மாடு?"

மாட்டு இனத்தில் ஒரு பெயர்கூட எனக்குத் தெரியாது. "வெள்ள மாடு."

பின்னால் சரளா இருமினாள். ஏகாம்பரம் என்னையே பார்த்தார், அப்புறம் எழுந்து உள்ளே போய் நான்கு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். எண்ணைப் பார்த்தேன், 6.00-16. தேதிக்குறியைப் பார்த்தேன், மூன்று மாதம்கூட ஆகவில்லை. விலையை நாலாயிரத்து அறுநூறில் ஆரம்பித்தார். டியூபோடு நாலாயிரத்துக்கு இறக்கினேன். பூந்தமல்லிக்காரர் முகம் நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. இரண்டு டிக்கியில், இரண்டு பின்சீட்டில் ஏற்றினோம்.

வண்டி கிளம்பியதும் சரளா சொன்னாள்: "ரெண்டு வண்டி, நாலு மாடு. தணிகாசலத்துக்கு போன் பண்ணி சொல்லணும். பாவம், அவனுக்கே தெரியாது."

பட்டாபிராமில் சாப்பாடு. அளவுச் சாப்பாடு நூற்றிருபது, வத்தக்குழம்பு பரவாயில்லை. மூன்று மணிக்கு முத்தாபுதுப்பேட்டை. தணிகாசலம் வெல்டர், கைவேலை தெரிந்தவன். காரை ஜாக்கியில் தூக்கி, வீல்களைக் கழற்றித் தயாராக வைத்திருந்தான். டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன் பொட்டு வைக்க வேண்டும் என்று சரளா தட்டில் சந்தனமும் குங்குமமும் கரைத்துக்கொண்டு வந்தாள். முதல் டயருக்கு வைத்தாள். இரண்டாவது டயருக்குக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டில் பில் போடுவதும் படிப்பதும் அவள்தான். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் வாசிக்காமல் விட மாட்டாள்.

"ஏங்க, இதுல ஏ, டி, வின்னு போட்ருக்கு. கீழ பொடி எழுத்துல இங்கிலீஷ்ல இன்னாமோ கீது." விரலால் தூசியைத் துடைத்துப் படித்தாள். "மாடு இழுக்கற வண்டிக்கு மட்டும்னு போட்ருக்குங்க."

தணிகாசலம் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்து சிரித்தான். "ஒண்ணும் பிரச்சன இல்ல மாமா. முன்னாடி ரெண்டு மாட்ட கட்டிட்டா சரியாப் பூடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சைஸைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன். நடுவில் இருந்த மூன்று எழுத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே டயர்தான். ஆனால் மாட்டு வண்டி டயர் மாடு நடக்கிற வேகத்துக்குச் செய்தது. நிறைய எடை தாங்கும்; வேகம் தாங்காது. வெளிவட்டச் சாலையில் எண்பதில் போனால் சூடேறி என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. போன வருஷம் பானை மட்டும்தான் உடைந்தது.

ஏகாம்பரத்தின் மேல் தப்பே இல்லை. மாட்டு வண்டி டயர் கேட்டேன். மாட்டு வண்டி டயர் கொடுத்தார்.

"திருப்பிக் குடுக்கப் போவீங்கல்ல? நானும் வரேன்" என்றாள் சரளா. "இப்ப இன்னா சொல்லப் போறீங்கன்னு கேக்கணும்."

ஒன்பது கிலோமீட்டர் திரும்பிப் போகும்போது இன்னொரு பொய் தயாராகிவிட்டது: மச்சான் மாட்டை விற்றுவிட்டான், இனி ஜீப் வாங்கப் போகிறான். நல்ல பொய். கடை முன்னால் இறங்கி நான் வாயைத் திறப்பதற்குள் சரளா முந்திக்கொண்டாள்.

"தம்பி, மாடும் இல்ல, வண்டியும் இல்ல. எங்க ஊட்டுக்காரரு பழைய காரு ஒண்ணு வச்சிகினு கீறாரு. அதுக்குத்தான் டயரு."

ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து இறங்கவே இல்லை. "எனக்கு அப்பவே தெரியும்க்கா. ரெண்டு ஜோடி மாடு வச்சிகினு கீற ஆளு, இன்னா மாடுன்னு கேட்டா வெள்ள மாடுன்றாரு."

"தெரிஞ்சும் ஏன் குடுத்தீங்க?"

"நானா குடுத்தேன்? உள்ளார போறப்ப, 'மாட்டு வண்டி டயருதான, நல்லா பாத்துக்கோ'ன்னு கேட்டேன். ஆமா ஆமான்னு மண்டைய ஆட்னாரு. மாட்டுச் சந்தைல விக்கறதுக்கு வாங்கற ஆளு போலன்னு நெனச்சேன்."

அது உண்மைதான். நான் அப்போது பேரத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் உள்ளே போய் வேறொரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அதே 6.00-16. ஜீப் டயர். "ஜீப்புக்காரரு ஒர்த்தரு அஞ்சு ஆர்டர் குடுத்தாரு. டயரு வர்றதுக்குள்ள வண்டியவே வித்துட்டாரு. எட்டு மாசமா என் தலமேல குந்திகினு கீது. யாராச்சும் கேட்டா வந்த வெலைக்கே தள்ளிடலாம்னு இருந்தேன்."

வியாபாரிகள் இதைப் படித்தால் எனக்கு எவ்வளவு நஷ்டம் என்று புரிந்துகொள்வார்கள். தேங்கிய சரக்கு. மதியம் கார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் தேவையைவிட அவர் தேவை பெரிதாக இருந்திருக்கும். "அந்த வெலைக்கே குடுத்துடு" என்றேன்.

"மத்தியானம்னா நான் கெஞ்சியிருப்பேன் அண்ணாத்தே" என்றார் ஏகாம்பரம் சாவகாசமாக. "இப்ப நீ கெஞ்சணும்."

டியூபோடு ஒன்று நாலாயிரத்துத் தொள்ளாயிரம். மாட்டு வண்டி டயர்களை முழு விலைக்கே திருப்பி எடுத்துக்கொண்டார். ஒன்றில் சந்தனம் ஒட்டியிருக்கிறதே என்று சரளா தயங்கினாள். "அது இருக்கட்டும்க்கா. சாமி கும்புட்ட டயருன்னு சொல்லி நூறு ரூவா சேத்து வித்துடறேன்" என்றார். ஐந்தாவதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஸ்டெப்னி என்னிடம் இருக்கிறது என்றேன்.

மறுநாள் ஞாயிறு. பட்டாபிராமில் ஒரு பஞ்சர் கடையில் ஏற்றினோம். ஒரு வீலுக்கு நூறு ரூபாய். தணிகாசலம் வீட்டு ஷெட்டுக்குக் கொண்டுவந்து காரில் மாட்டியதும், சரளா ஒவ்வொரு டயரையும் சுற்றி வந்து பொடி எழுத்தெல்லாம் படித்தாள், பொட்டு வைத்தாள். பிறகு டிக்கியைத் திறந்தாள்.

"இது?"

"அது ஸ்டெப்னி. பட்டன் நல்லாத்தான் இருக்கு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது.

"போன வருஷம் வெடிச்சதுக்கும் பட்டன் நல்லாத்தான் இருந்துது" என்று சொல்லி, சந்தனத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குத் திருநின்றவூரில் இருந்தேன். ஏகாம்பரத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஐந்தாவது டயர் வெளியே எடுத்துச் சாய்த்து வைத்திருந்தது, டியூபோடு.

"அக்கா அனுப்ச்சாங்களா?"

"ஆமாம்."

"அஞ்சாயிரத்து ஐந்நூறு."

என் வியாபார வாழ்க்கையில் பேரம் பேசாமல் வாங்கிய சாமான் அது ஒன்றுதான். டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆடி இரண்டாவது ஞாயிறு, காலை ஐந்தரைக்கு முத்தாபுதுப்பேட்டையிலிருந்து காரில் புறப்பட்டோம். சரளா முன்சீட்டில், மடியில் புதுப் பானை. திருநின்றவூரிலிருந்து பாக்கம், தாமரைப்பாக்கம், வெங்கல் வழியாகப் பெரியபாளையம் சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர். மணிக்கு ஐம்பதைத் தாண்டவில்லை. வெங்கலுக்கு முன்னால் அந்த இடம் வந்தபோது அவள் பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தாண்டியதும் ஒரு கையை எடுத்து ஜன்னல் மேல் வைத்துக்கொண்டாள். ஏழு மணிக்குக் கோயில் பக்கம் சேர்ந்துவிட்டோம். அதற்கு மேல் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பொங்கல் பொங்கியது.

இந்தப் பக்கம் டயர் தேடி வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. பெரிய ஷோரூமில் நேரத்தை வீணாக்காதீர்கள். 6.00-16 வேண்டுமென்றால் டிராக்டர் டயர் விற்கும் கடைக்குப் போங்கள், ஆனால் ஜீப் டயர் என்று கேட்டு வாங்குங்கள். டிராக்டர் முன்சக்கர டயரும் காருக்கு ஆகாது. சைஸ், தேதிக்குறி இரண்டும் சரியாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள எல்லா எழுத்தையும் படியுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். டியூப் கண்டிப்பாகப் புதுசு. மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் நாற்பதில் ஓட்டி, காற்றையும் வீல் நட்டையும் மறுபடி பாருங்கள். ஸ்டெப்னியையும் டயராக மதித்து எண்ணுங்கள். விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லுங்கள், நான் இன்னும் சொல்வேன். வண்டி எது என்பதில் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கடைக்காரர் உங்களுக்குத் தருவது நீங்கள் சொன்ன வண்டிக்கான டயரைத்தான்.

அன்று திரும்பி வரும்போது ஏகாம்பரம் கடை முன்னால் காரை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமையிலும் கடை திறந்திருந்தது. இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், குரோமில் முகம் பார்த்தார், ஒவ்வொரு டயரையும் காலால் தட்டினார். பிறகு ஜன்னலில் குனிந்து, "வண்டி சூப்பரா கீதுக்கா. அந்த வெள்ள மாடு எங்க?" என்று கேட்டார்.

சரளா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதோ, ஓட்டிகினு வருதே" என்றாள்.